கான் சாகிபு விட்டுச் சென்ற கணக்கு



சுப்ஹுத் தொழுகைக்குப் பின் உப்பளம் சாலையில் சிறிது தூரம் நடப்பது என் நெடுநாள் வழக்கம். விளையாட்டரங்கத்தைக் கடந்து பழைய துறைமுகத்துப் பக்கம் போனால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது. வடக்கே இன்று சுப்பையா சாலை செல்லும் இடத்தில் ஒரு காலத்தில் புதுச்சேரி நகரின் தெற்குச் சுவர் நின்றது. உப்பளம் அந்தச் சுவருக்கு வெளியே இருந்த நிலம். அதாவது, உள்ளே இருந்தவர்கள் வாயிலை அடைத்தால் வெளியே நிற்க நேர்ந்தவர்களின் பக்கம்.

சில வாரங்களுக்கு முன் என் தங்கையின் மகன் அந்த நடையில் என்னோடு வந்தான். அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவன். நடந்துகொண்டே ஒரு கேள்வி கேட்டான். "மாமா, மருதநாயகம் என்கிற கான் சாகிபை நாம் நம்மவர் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அவர் வெள்ளைக்காரன் படையில் இருந்துகொண்டு நம் மக்களை அடக்கியவர்தானே? அவரைப் புகழலாமா, கூடாதா?"

உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை. புகழ்வதா இகழ்வதா என்ற கேள்வியே குறையுடையது என்று இப்போது நினைக்கிறேன். அந்நியரின் ஆணையால் ஒரு நகரை ஆள வந்த ஒரு படை அதிகாரியின் வாழ்க்கையை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதைப் பேசுவதற்கு, கான் சாகிபுக்கு முன் இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நம் ஊரை ஆண்டவர்.

தாமஸ் ஆர்தர் லாலி 1702ஆம் ஆண்டு பிரான்சில் பிறந்தவர். தந்தை அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய போர்வீரர். ஆங்கிலேயர் மீதான பகை அவருக்குக் குடும்பச் சொத்தாகவே வந்தது. 1745ஆம் ஆண்டு ஃபோன்தெனுவா போரில் வீரத்தால் பெயர் பெற்றார். 1758 ஏப்ரல் இறுதியில் பிரெஞ்சு மன்னரின் தளபதியாகப் புதுச்சேரியில் வந்து இறங்கினார். சில வாரங்களிலேயே கடலூர் அருகே இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். அவருடைய துணிவில் ஒருவரும் குறை காணவில்லை.

குறை வேறிடத்தில் இருந்தது. கடலூர்ப் படையெடுப்புக்குச் சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் ஆள் போதவில்லை என்றதும், புதுச்சேரித் தமிழர்களைப் பிடித்துவரச் செய்து மாட்டுக்குப் பதிலாகப் பூட்டினார். சாதி பாராமல் எல்லோரையும் பிடித்தார் என்பதைச் சமத்துவம் என்று எவரும் மயங்க வேண்டாம். எல்லோரையும் சமமாக மனிதராக நடத்துவது ஒன்று. எல்லோரையும் சமமாக மாடாக நடத்துவது வேறொன்று.

பிறகு பணத்தேவை வந்தது. தஞ்சை மன்னர் தர வேண்டிய பழைய கடனை வசூலிக்கப் புறப்பட்டார். வழியில் நாகூர் சிக்கியது. அந்த ஊரின் கொள்ளைப்பொருளைத் தம் குதிரைப்படை அதிகாரி ஒருவருக்குக் குத்தகையாக விட்டார். நம் பாட்டிமார் நேர்ச்சை வைத்து நடந்துபோன நாகூரை, ஏலப்பொருள் போல் ஒருவர் விலை பேசினார். அடுத்து கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடினார். அங்கே சுற்றிக்கொண்டிருந்த பிராமணர் அறுவரை ஒற்றர் என்று பிடித்துப் பீரங்கி வாயில் கட்டிச் சுடச் செய்தார். நாகூரில் முஸ்லிமின் வீடும் கீழ்வேளூரில் இந்துவின் கோயிலும் அவர் கண்ணில் ஒரே பொருளாகத்தான் இருந்தன: காசு.

தஞ்சையில் அவருக்கு ஒன்றும் கிட்டவில்லை. 1758 டிசம்பரில் தொடங்கிய சென்னை முற்றுகையும் அடுத்த பிப்ரவரியில் தோல்வியில் முடிந்தது. 1760 ஜனவரி 22ஆம் நாள் வந்தவாசியில் அயர் கூட்டிடம் தோற்றார். அவ்வாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலப் படை புதுச்சேரியைச் சூழ்ந்தது. நகரில் தானியம் தீர்ந்துவந்தது. நவம்பர் இறுதியில் லாலி ஒரு முடிவு எடுத்தார். நகரில் எஞ்சியிருந்த தமிழ் மக்கள், ஆணும் பெண்ணும் குழந்தையுமாகச் சுமார் 1,400 பேரை, வாயிலுக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலேயர் அவர்களைத் தங்கள் வரிசையைக் கடந்து போக விடவில்லை. திரும்பி வந்தவர்களைக் கோட்டையும் ஏற்கவில்லை. இரண்டு படைகளுக்கு நடுவே, புல்லின் வேரைத் தின்றுகொண்டு பல நாள் கிடந்தார்கள். பலர் மாண்டார்கள். இறுதியில்தான் கூட் மனம் இளகி வழி விட்டார்.

1761 ஜனவரி 16ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. நாட்குறிப்பால் அக்காலத்தை நமக்குக் காட்டிய ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள்களுக்கு முன்தான் மறைந்திருந்தார். வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வெள்ளை நகரத்தில் படம் எடுத்துக்கொள்ளும் வீடுகள் அந்த அழிவுக்குப் பின் எழுந்தவை.

லாலியின் முடிவும் கொடியது. கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டவர், தம்மீது துரோகக் குற்றம் சாட்டப்படுகிறது என்று கேள்விப்பட்டு, அனுமதி பெற்றுத் தாமாகவே பாரிசுக்குப் போனார். சிறையில் அடைத்தார்கள். 1766 மே 9ஆம் நாள், வாயைத் துணியால் அடைத்துக் கொண்டுவந்து தலையை வெட்டினார்கள். இந்தியாவில் இழந்ததற்கு ஒரு பலி தேவைப்பட்டது. வால்டேர் அவருக்காக எழுதினார். 1778இல் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. லாலி துரோகி அல்லர் என்பது அன்று தெளிவாயிற்று. தம் மன்னருக்கு அவர் துரோகம் செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் சுவருக்கு வெளியே புல்வேரைத் தின்றவர்களின் வழக்கு பாரிசின் எந்த மன்றத்துக்கும் வரவில்லை. அவர்களுக்காக எழுத ஒரு வால்டேரும் இல்லை.

இப்போது கான் சாகிபுக்கு வருகிறேன். இராமநாதபுரம் சீமையின் பனையூரில் 1725ஆம் ஆண்டளவில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் வீட்டை விட்டு வெளியேறி, இஸ்லாத்தைத் தழுவி, முகம்மது யூசுப் கான் ஆனார். நம் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு வீட்டில் வேலை பார்த்தார் என்றும் அங்கேதான் ஐரோப்பியரின் மொழியையும் நடைமுறையையும் கற்றார் என்றும் சொல்லப்படுகிறது. பின்பு ஆங்கிலக் கும்பினியின் சிப்பாய்ப் படையில் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போது உணவு வண்டிகளைப் பகைவரின் கண்ணில் மண் தூவிக் கொண்டுவந்து சேர்த்த திறமையால், சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவரானார். கும்மந்தான் என்று மக்கள் அழைத்தது அந்தப் பதவியைத்தான்.

லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அவரை வெளியிலிருந்து ஓயாமல் தாக்கி அலைக்கழித்தவர்களில் கான் சாகிபும் ஒருவர். அந்தப் பணிக்குப் பின், 1759இல், மதுரையும் திருநெல்வேலியும் அவர் பொறுப்பில் விடப்பட்டன. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். பனையூரிலிருந்து ஓடிவந்த சிறுவன் பாண்டிய நாட்டின் தலைநகரில் ஆளுநராக அமர்ந்தார். அமர்த்தியவர்கள் அந்நியர். அமர்ந்த இடமோ படைபலத்தால் பிடிக்கப்பட்ட நகரம். இந்த இரண்டையும் நாம் மறைக்கக் கூடாது.

அவர் பாளையங்களின் மீது படை நடத்தினார். ஊர்களை எரித்தார். நெற்கட்டும்செவல் பூலித்தேவரை ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போரிட்டு, கோட்டைகளைப் பிடித்தார். அந்தக் குடும்பங்களின் வழிவந்தவர்களிடம் கான் சாகிபு வீரர் என்று சொன்னால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்கு அவர்களுக்கு நியாயம் உண்டு.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1755இல் கர்னல் ஹெரான் என்னும் ஆங்கில அதிகாரி மதுரைப் பக்கம் படையோடு வந்தபோது, கோயில்குடிக் கோயிலைத் தாக்கி அதன் திருமேனிகளைத் தூக்கிச் சென்றார். நத்தம் கணவாயில் கள்ளர்கள் அந்தப் படையைத் தாக்கி அவற்றை மீட்டார்கள். அந்தப் படையெடுப்பில் கான் சாகிபும் இருந்தார். ஒரு மக்களின் நெஞ்சில் எங்கே அடித்தால் வலிக்கும் என்பதை அவர் அன்று கண்ணால் கண்டார். நான்கு ஆண்டு கழித்து மதுரை தம் கைக்கு வந்தபோது அவர் செய்தவற்றுள் ஒன்று, மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பிறர் பறித்துக்கொண்ட நிலங்களை மீட்டுக் கொடுத்து, பூசைகள் தடையின்றி நடக்க வழிசெய்தது. குளங்களையும் கண்மாய்களையும் செப்பனிட்டார். நெசவாளரையும் வணிகரையும் காத்தார். வழிப்பறியை ஒடுக்கிச் சாலைகளில் அச்சமின்றிச் செல்ல வைத்தார். மதுரையில் கான்சாமேட்டுத் தெருவையும் வத்திராயிருப்புப் பக்கத்துக் கான்சாபுரத்தையும் இன்றும் மக்கள் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். பெயரை அரசாணை ஒட்டலாம்; இருநூற்று அறுபது ஆண்டு ஒட்டி வைத்திருப்பது மக்களின் நாக்குதான்.

ஒரு முஸ்லிம் ஆளுநர் இந்துக் கோயிலுக்கு நிலத்தை மீட்டுத் தந்ததை இன்று சிலர் வியப்பாகச் சொல்கிறார்கள். வேறு சிலர், அது அரசியல் தந்திரம் என்று ஒதுக்குகிறார்கள். வியக்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். பறிக்கப்பட்டதை உரியவரிடம் சேர்ப்பது ஆட்சியாளரின் கடமை. உமர் (ரலி) அவர்கள் ஜெருசலேம் நகரைப் பொறுப்பேற்கச் சென்றபோது, கிறித்தவர்களின் பெரிய தேவாலயத்துள் தொழ மறுத்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். தாம் அங்கே தொழுதால் பின்னால் வரும் முஸ்லிம்கள் அதைக் காரணம் காட்டி அந்த இடத்தை எடுத்துக்கொள்வார்களே என்று அவர்கள் அஞ்சினார்கள். ஆளுநர்களை அமர்த்தும்போது அவர்களுடைய சொத்தைக் கணக்கெடுத்து வைத்தவர்களும் உமர் (ரலி) அவர்களே. வென்ற நகரம் வென்றவரின் சொத்து அன்று; அது அமானிதம். நம் மார்க்கம் ஆட்சியைப் பார்க்கும் பார்வை இதுதான்.

கான் சாகிபின் வீழ்ச்சி பதவி தந்தவர்களிடமிருந்தே வந்தது. வருவாய் பெருகப் பெருக ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலிக்கு அச்சம் வளர்ந்தது. ஆண்டுக்கு 7 லட்சம் தருகிறேன், என்னிடமே விடுங்கள் என்று கான் சாகிபு கேட்டும் கும்பினி இசையவில்லை. நவாபின் பணியாளாக இருக்க அவர் மறுத்தார். 1763இல் வெளிப்படையாக எதிர்த்து நின்றார். பிரெஞ்சுக் கொடியையும் ஏற்றினார். அவ்வாண்டு பிப்ரவரியில் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையிலேயே பிரான்சு முகம்மது அலியை நவாபாக ஏற்றுக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் யாரை எதிர்த்துப் போரிட்டாரோ அவர்களுடைய கொடியை அவர் ஏற்றினார். அந்தக் கொடிக்கு உரியவர்களோ அவரைக் கைவிட்டுவிட்டிருந்தார்கள்.

மதுரைக் கோட்டை ஒரு முற்றுகையைத் தாங்கியது. 1764இல் மீண்டும் சூழ்ந்தார்கள். ஜூன் மாதத்துப் பெருந்தாக்குதலையும் அவர் முறியடித்தார். பிறகு பட்டினி போட்டார்கள். அக்டோபர் 13ஆம் நாள், அவருடைய திவான் சீனிவாசராவும், மருத்துவர் பாபா சாகிபும், அவரிடம் பணியிலிருந்த பிரெஞ்சு அதிகாரி மர்ச்சாந்தும் சேர்ந்து அவரைப் பிடித்துக் கட்டினார்கள். தொழுகையில் இருந்தபோது அவருடைய தலைப்பாகையாலேயே கட்டினார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 15ஆம் நாள் மதுரைக்கு மேற்கே தூக்கிலிட்டார்கள். உடலைத் துண்டுகளாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள். சம்மட்டிபுரத்தில் அவருடைய தர்கா இருக்கிறது.

லாலி 1766இல், கான் சாகிபு 1764இல். இருவரும் படைவீரர்கள். இருவரும் பிறருடைய ஆணையால் தமிழ் மண்ணில் ஒரு நகரை ஆண்டவர்கள். இருவரையும் கொன்றவர்கள் அவர்கள் எந்தத் தரப்புக்காகப் போரிட்டார்களோ அந்தத் தரப்பினரே. ஆனால் புதுச்சேரியில் லாலியின் பெயரைச் சொல்லி துஆ கேட்பவர் ஒருவரும் இல்லை. சம்மட்டிபுரத்தில் இன்றும் எல்லா மதத்தவரும் வந்து நிற்கிறார்கள்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஒருவர் வெள்ளையர், மற்றவர் தமிழர் என்பது அன்று என்று நான் கருதுகிறேன். நம்மவர், முஸ்லிம் என்பதும் முழுக் காரணம் ஆகாது. திவானும் மருத்துவரும் நம் மண்ணினர்தாம், நவாபும் முஸ்லிம்தான். வேறுபாடு ஒரே இடத்தில் இருக்கிறது. நெருக்கடி வந்தபோது லாலி தமக்குக் கீழே இருந்தவர்களைச் செலவுப் பொருளாகக் கண்டார். கான் சாகிபு தம் நல்ல ஆண்டுகளில் அவர்களைப் பொறுப்பாகக் கண்டார். பதவி மேலிருந்து வருகிறது. கணக்கு கீழிருந்து கேட்கப்படுகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். நல்ல நிர்வாகம் அடிமைத்தனத்தை நியாயமாக்கிவிடுமா? கண்மாய் வெட்டினால் எரிந்த ஊர் திரும்பி வருமா? வராது. ஒரு நன்மை ஒரு தீமையைக் கணக்கேட்டிலிருந்து அழித்துவிடும் என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்தத் தராசு நம் கையில் இல்லை. ஆகையால்தான் கான் சாகிபைக் கொடியாகப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1997இல் அவர் கதையைத் திரைப்படமாக எடுக்கத் தொடங்கியபோது நம் இளைஞர்களிடம் எழுந்த பெருமிதம் எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய வாளையும் குதிரையையும் இறுதித் தொழுகையையும் மட்டும் சொல்லிவிட்டு, நடுவில் இருந்த ஆட்சியை விட்டுவிட்டால், அவர் நமக்கு விட்டுச் சென்றதில் பயனுள்ள பகுதியை இழந்துவிடுவோம். ஒருவர் எப்படி இறந்தார் என்பது அவர் கையில் இல்லை. எப்படி ஆண்டார் என்பது அவர் கையில் இருந்தது.

இது எங்கோ மதுரையில் முடிந்துபோன பழங்கதை அன்று. புதுச்சேரியில் "சொல்தா" என்ற சொல்லைக் கேளாத வீடு உண்டா? பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நம் தெருக்களில் வாழ்கிறார்கள். அந்த ஓய்வூதியத்தில் படித்தவர்கள், வீடு கட்டியவர்கள் உண்டு. அவர்களை நான் பழிக்கவில்லை; வறுமை தள்ளியது, கடல் கடந்தார்கள். ஆனால் நம் பாட்டனார் அங்கே எந்த ஊரில், யாருடைய வீட்டு வாசலில் துப்பாக்கியோடு நின்றார், அந்த வீட்டுக்காரர் அவரை எப்படி நினைவில் வைத்திருப்பார் என்று நாம் என்றாவது கேட்டிருக்கிறோமா? பதக்கத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம். கேள்வியை மாட்டி வைக்கவில்லை.

அந்தக் கேள்வி இன்று வேறு உருவில் வருகிறது. நம் பிள்ளைகள் வட்டாட்சியர் அலுவலகத்தில் அமர்கிறார்கள், காவல் நிலையத்தில் பணியேற்கிறார்கள், வங்கியில் கடன் மனுவைப் பார்க்கிறார்கள். நம் பெரியவர்கள் முத்தவல்லியாக வக்ஃபுச் சொத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். மனுவோடு வரிசையில் நிற்கும் விதவைக்கு, நாற்காலியில் இருப்பவர் எந்த மதம், எந்தக் கட்சி அமர்த்தியவர் என்பது பெரிதன்று. "நாளைக்கு வா" என்று நான்காவது முறை சொல்கிறாரா என்பதுதான் பெரிது. ஜமாஅத் கணக்கைக் கேட்ட ஏழையை "நீ யார் கேட்க?" என்று விரட்டும்போது, அந்த இடத்தில் சிறியதொரு கோட்டை வாயில் அடைபடுகிறது. வெளியே ஒருவர் நிற்கிறார்.

ஒவ்வொருவரையும் மேய்ப்பனாக்கி, அவரவர் மந்தையைப் பற்றி அவரவரிடம் விசாரணை உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம். அந்தப் போதனையில் மேய்ப்பனை அமர்த்தியவர் யார் என்ற கேள்வி முதலில் வரவில்லை. மந்தையின் நிலைதான் வருகிறது.

என் தங்கை மகனுக்கு அன்று சொல்லாமல் விட்ட விடை இதுதான். கான் சாகிபை நம்மவர் என்று சொல்லிக்கொள். ஆனால் முழுவதுமாகச் சொல். அவர் எரித்த ஊர்களையும் சொல், செப்பனிட்ட குளங்களையும் சொல். தேர்வில் வென்று ஒரு நாற்காலியில் அமரும் நாளில், ஆணைக் கடிதத்தில் கையெழுத்திட்டவரை ஒரு முறை நினைத்துக்கொள். உன் மேசைக்கு எதிரே நிற்பவரை நாள்தோறும் நினைத்துக்கொள். முதலாமவர் கொடுத்த பதவியை அவரே திரும்ப எடுத்துக்கொள்வார். இரண்டாமவரின் துஆவை எவராலும் எடுக்க முடியாது. அவருடைய சாபத்தையும் அப்படித்தான்.

வல்ல இறைவன் நம் கையில் ஒப்படைத்த அமானிதங்களைப் பேணும் உறுதியை நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக. வாயிலுக்கு வெளியே நிற்பவர்களை மறக்காத நெஞ்சத்தைத் தருவானாக. ஆமீன்.